காணிப்பாக்கத்தில் சொல்லாத பெயர்

கல்யாண வீட்டில் எல்லோரும் பந்திக்கு இடம் பிடிக்க ஓடும் நேரத்தில் ஏகாம்பரம் சமையல்கட்டில் நிற்பார். அடுப்புப் புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அண்டாக்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்துப் போய், தலைமைச் சமையற்காரரிடம் பணிவாகக் கேட்பார்.

"அண்ணே, பெருங்காய டப்பாவ ஒருவாட்டி குடு. பாத்துட்டுக் குடுத்துர்றேன்."

"பெருங்காயத்துல இன்னாண்ணா பாக்கப் போற?"

"கோதும கீதான்னு பாக்கணும்."

சமையற்காரர் கரண்டியைப் பிடித்தபடியே அவரை ஏற இறங்கப் பார்ப்பார். ஏகாம்பரம் அதைக் கண்டுகொள்ளாமல் டப்பாவைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்புவார். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தது தெலுங்கு. இங்கிலீஷில் கோதுமைக்கு உண்டான சொல்லின் உருவம் மட்டும் மனப்பாடம். பெருங்காயப் பொடியில் மாவு கலப்பது வழக்கம் என்பதால் அந்த உருவம் பெரும்பாலும் டப்பாவில் இருக்கத்தான் செய்யும். இருந்தால் தலையை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு சாம்பார், ரசம், ஊறுகாய் எல்லாம் அவர் இலையைத் தாண்டிப் போய்விடும். வெறும் சோற்றில் தயிரை ஊற்றி, வாழைப்பழத்தைப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்துவிடுவார்.

பக்கத்து இலைக்காரன் சும்மா இருப்பானா? "இன்னா மாமா, டாக்டர் எழுதிக் குடுத்த சரக்கு இன்னிக்கு உண்டா?" என்பான். வரிசையே சிரிக்கும். முன்பெல்லாம் ஏகாம்பரமும் சேர்ந்து சிரிப்பார், சில சமயம் அவரே முதலில் ஆரம்பித்து வைப்பார். இந்த ஒரு வருடமாகச் சிரிப்பதில்லை. சோற்றைப் பார்த்தபடி பிசைந்துகொண்டிருப்பார்.

வயது ஐம்பதைத் தொடப் போகிறது. ஒல்லியான, நெடிய உடம்பு. இரண்டு முன்கைகளிலும் முழங்கை வரை பொட்டுப் பொட்டாகத் தழும்புகள். அவை அம்மை போட்ட தழும்புகள் என்று நினைப்பவர்கள் உண்டு. கற்றாழை முள் குத்திய தழும்புகள் அவை. குடுபல்லிப் பக்கம் பிறந்த ஊர். நிலம் என்று ஒரு முழம்கூட இல்லாத குடும்பம். அங்கே வயல் வரப்புகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் வேலிக்காக நட்டு வைத்த ஆனைக் கற்றாழை ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கும். ஆட்டுக்கும் ஆகாது, அடுப்புக்கும் ஆகாது என்று எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த அந்தச் செடியில் சாராயம் வடிக்கலாம் என்று யாரோ கண்டுபிடித்து, சித்தூருக்கு வெளியே ஒரு கம்பெனி வைத்தார்கள். ஏகாம்பரத்துக்குப் பிழைப்பு வந்தது அப்படித்தான். மனைவி கமலம்மாவையும் மகள் தேன்மொழியையும் அழைத்துக்கொண்டு சித்தூருக்குக் குடி வந்துவிட்டார்.

கம்பெனி லாரி வடக்கே காணிப்பாக்கம் தாண்டியும் மேற்கே குப்பம் வரைக்கும் போகும். ஏகாம்பரம் வெட்டுகிற ஆட்களுக்கு மேஸ்திரி. செடி வயசுக்கு வந்து நடுவிலிருந்து பூக்கம்பம் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் வெட்ட வேண்டும். கம்பம் கிளம்பிவிட்டால் உள்ளே இருக்கிற இனிப்பையெல்லாம் அது குடித்துவிடும். கையில் விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு, மடல்களை ஒவ்வொன்றாகச் சீவித் தள்ளி, அடியில் கடப்பாரையைப் போட்டு நெம்பினால் பெரிய பலாப்பழம் அளவுக்குக் கிழங்கு புரண்டு வரும். கற்றாழைப் பால் பட்ட இடம் ராத்திரி முழுக்க அரிக்கும். புதிதாக வருகிற ஆட்கள் சொறிந்து சொறிந்து இரண்டாம் நாளே ஓடிவிடுவார்கள். "சொறியாத. சொறிஞ்சா அது ஜெயிச்சிரும்," என்பார் ஏகாம்பரம்.

கிழங்கை ஆவியில் வேக வைக்கும்போது சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகிற வாசனை ஊரைத் தூக்கும். பிறகு நசுக்கி, சாற்றைப் புளிக்க வைத்து, வடித்து எடுத்தால் கண்ணாடி மாதிரி தெளிந்த சரக்கு. மெக்சிகோவில் இதற்கு டெக்கீலா என்று பெயர்; இங்கே வடித்தால் அந்தப் பெயரை ஒட்டக் கூடாதாம். பெங்களூரிலும் கோவாவிலும் பிள்ளைகள் உப்பும் எலுமிச்சையும் வைத்துக்கொண்டு குடிக்கிறார்கள். ஏகாம்பரத்துக்கு உப்பும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். சோதனை பார்க்க எடுத்த மாதிரியில் மிச்சம் இருப்பதை ஷிப்டு சூப்பர்வைசர் ஹரிபாபு ஒரு தம்ளரில் ஊற்றி ஜன்னல் மேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். வேலை முடிந்து போகும்போது ஏகாம்பரம் அந்த ஜன்னல் பக்கமாகத்தான் போவார்.

அவர் குடிகாரரா என்றால், ஆம். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. மனைவியை அடித்தவர் இல்லை, தெருவில் விழுந்து கிடந்தவர் இல்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் உள்ளே ஏதாவது போக வேண்டும். பீர், பிராந்தி, விஸ்கி, கற்றாழை, எதுவானாலும் சரி. மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோதே அவர் மடியில் ஏறி முதல் வேலையாக வாயருகே மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள். அம்மா சொல்லிக்கொடுத்த வேலை. வாசனை வந்தால் இறங்கிப் போய்விடுவாள்.

நோய் வந்த கதை கொஞ்சம் சிரிப்பாகவும் நிறைய அழுகையாகவும் இருக்கும். ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு இலவச முகாமில் ரத்தம் பார்த்து, "சுகர் பார்டர்ல இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். நம் பக்கத்தில் இந்த ஒரு வார்த்தை போதும். அன்று ராத்திரியிலிருந்து கமலம்மா சோற்றை நிறுத்திச் சப்பாத்தி போட ஆரம்பித்தார். பிறந்ததிலிருந்து களியும் சோறும் தின்று வளர்ந்த மனிதர், மூன்று வேளையில் ஒரு வேளை கோதுமைக்கு மாறினார். கொஞ்ச நாளில் வயிறு ஊத ஆரம்பித்தது. பேதி நிற்கவில்லை. வாயெல்லாம் புண். கடப்பாரையை நெம்பினால் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

உடம்பு முடியாதவருக்கு என்ன கொடுப்போம்? பிரெட், ரஸ்க், பாலில் மால்ட் பவுடர். கமலம்மா அதைத்தான் கொடுத்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்களும் ஆளுக்கொரு பிரெட் பாக்கெட்டுடன்தான் வந்தார்கள். எல்லாவற்றிலும் கோதுமையோ பார்லியோ உண்டு. அன்பாக வந்து பார்த்தவர்கள் கூடக் கூட மனிதர் எலும்பாகிக்கொண்டே போனார். வீட்டுக்குள் அலமாரி நிறைய ரஸ்க். வெளியே கக்கூஸ் வாசலில் ஏகாம்பரம். காரணம் என்ன என்று யாரும் தேடவில்லை, ஏனென்றால் காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். குடித்துக் குடித்துக் குடல் வெந்துவிட்டது. அவரே அப்படித்தான் நம்பினார்.

கமலம்மா அவரைக் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனது அப்போதுதான். அந்தப் பிள்ளையார் சந்நிதியில் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. வரப்புத் தகராறு, திருட்டு வழக்கு, புருஷன் பெண்டாட்டி சந்தேகம் எல்லாம் அங்கே ஒரு சத்தியத்தில் தீர்ந்துபோகும். குடியை விடுகிறவர்களும் அங்கே போய்த்தான் சத்தியம் செய்வார்கள். ஏகாம்பரம் கோயில் குளத்தில் முழுக்குப் போட்டு, ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டே நின்று, கைகூப்பிச் சொன்னார்: "பீரு தொட மாட்டேன். பிராந்தி தொட மாட்டேன். விஸ்கி தொட மாட்டேன். ரம்மு தொட மாட்டேன்." கமலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்த தேன்மொழி துண்டை நீட்டினாள். அவ்வளவு பெயர்களைச் சொன்னாரே, கற்றாழை என்ற பெயர் மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை என்பதை அந்த நேரத்தில் இருவரும் கவனிக்கவில்லை. மறந்துபோய்விட்டது என்று அவர் பிறகு சொன்னார். தினமும் கையால் வெட்டுகிற செடியின் பெயர் ஒருவனுக்கு மறக்குமா?

சத்தியத்துக்குப் பிறகும் உடம்பு தேறவில்லை. கடைசியில் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, இது சாராயத்தால் வந்தது இல்லை என்று சொன்னார். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒரு பசை உண்டு. சிலருடைய குடலுக்கு அது ஆகவே ஆகாது. கோதுமை, மைதா, ரவை எதுவும் வாழ்நாள் முழுக்க வாயில் படக் கூடாது. பார்லியில் செய்வதால் பீரும் கூடாது என்றார்.

ஏகாம்பரம் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொண்டு முக்கியமான கேள்வியைக் கேட்டார். "மேடம், கத்தாழ சரக்குல கோதும கீதா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் கோதுமை இல்லை என்றார். உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, அதற்காகக் குடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை, குடிக்கவே கூடாது என்றார். 'தாகொத்து' என்று தெலுங்கில் அழுத்திச் சொன்னார். அந்தச் சொல் புரியாத அளவுக்கு ஏகாம்பரம் சுத்தத் தமிழர் அல்ல. அப்புறம் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். இது ரத்தத்தில் வருகிற நோய், பிள்ளைகளுக்கும் வரலாம், மகளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டவர் வீட்டுக்கு வந்து சொன்னது இரண்டே இரண்டு விஷயம்தான். கோதுமை கூடாது. கற்றாழைச் சரக்கில் கோதுமை இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

"பெத்த பொண்ணு முன்னால நின்னு சாமிகிட்ட சத்தியம் பண்ணியேய்யா!" என்று கமலம்மா கத்தினார்.

"நான் சொன்ன பேருல கத்தாழ கீதா? நெனச்சுப் பாரு கமலா. பிள்ளையாருக்கே தெரியும்."

தேன்மொழி கதவருகே நின்று இதைக் கேட்டாள். நைனா காணிப்பாக்கத்தில் சத்தியம் பண்ணிவிட்டார் என்று கல்லூரித் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்த பெண். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அன்று போனதுதான், அதற்குப் பிறகு அவர் சொல்கிற எதையும் அவள் முழுசாகக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கோதுமையை நிறுத்தியதும் ஏகாம்பரம் தேறினார். சட்டை நிரம்பியது. ஆனால் அதே சமயம் பீரையும் பிராந்தியையும் நிஜமாகவே நிறுத்தியிருந்தார் அல்லவா? கமலம்மா அதைப் பிள்ளையார் கணக்கில் எழுதிவிட்டார். பாதிக் குடியை விட்டதற்கே சாமி இவ்வளவு செய்தால் முழுசாக விட்டால் என்ன செய்யும் என்று கேட்டார். ஊர்க்காரர்களுக்கோ இது நல்ல வேடிக்கை. சப்பாத்தி ஆகாது, சரக்கு ஆகும் என்று ஒரு நோய்! அந்த வேடிக்கையை வளர்த்ததும் ஏகாம்பரம்தான். டீக்கடையில் பிஸ்கெட்டை நீட்டினால் பின்னால் நகர்ந்து, "பிஸ்கெட்டு விஷம்பா நமக்கு. கத்தாழதான் மருந்து, டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க," என்று கையைத் தூக்கி வாயில் ஊற்றுகிற மாதிரி காட்டுவார். கடையே குலுங்கும். வருடக்கணக்காக இதைச் செய்தார். உயிரைக் காப்பாற்றிய ஒரு உண்மையைத் தன் கையாலேயே கோமாளியாக்கிவிட்டோம் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது சென்ற வருடம் சங்கராந்திக்கு.

தேன்மொழி இப்போது திருப்பதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அங்கே ராத்திரி தவறாமல் சப்பாத்தி. சங்கராந்தி லீவுக்கு வந்த மகளை ஏகாம்பரம் பார்த்தார். வளையல் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. சீப்பில் கொத்தாக முடி. குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள், வாயில் புண். சாப்பிட்டு எழுந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். ரத்தம் கம்மி என்று கடையில் வாங்கிய இரும்புச் சத்து மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கிறாளாம். மாத்திரை கேட்கவில்லையாம்.

ஏகாம்பரம் கையிலிருந்த களியை உருட்டியபடியே உட்கார்ந்துவிட்டார். ஓடின அந்த ஓட்டத்தை அவர் அறிவார். அவருடைய ஓட்டம் அது.

கமலம்மாவும் மகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தாய் செய்வதைச் செய்தார். கோதுமையை முளை கட்டி, காய வைத்து, ராகியும் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் சேர்த்து வறுத்து, மிஷினில் அரைத்துச் சத்து மாவு தயார் பண்ணி, மகள் பையில் ஒரு பெரிய டப்பா வைத்தார். தினமும் காலையில் கஞ்சி காய்ச்சிக் குடி, உடம்பு ஏறும் என்றார். ஏகாம்பரம் அந்த டப்பாவை எடுத்துக் குப்பையில் கொட்டினார். வீடு இரண்டாகிவிட்டது.

"அவளுக்கும் அதான் கமலா. என் நோவுதான். கோதும ஆவாது."

"யோவ், வாயக் கழுவு. நீ குடிச்சுக் குடிச்சுக் கொடல வேவ வச்சிக்கினே, உனக்கு ஆவல. என் பொண்ணு குடிச்சாளா? பொண்ணு பாக்க வர்றவன் காதுல இது உழுந்தா யாருய்யா கட்டுவான்?"

"டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்க. பொண்ணுக்கும் ரத்தம் பாருன்னு."

தேன்மொழி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அன்னிக்கே சொன்னாங்கன்னா அன்னிக்கே ஏன் நைனா சொல்லல? சரக்கப் பத்திச் சொன்னது ஞாபகம் இருந்திச்சு, என்னப் பத்திச் சொன்னது இப்பத்தான் ஞாபகம் வந்திச்சா?"

ஏகாம்பரம் கையிலிருந்த காலி டப்பாவைத் தரையில் வைத்தார். உண்மையில் அவர் மறக்கவில்லை. அன்றைக்கு மகள் கன்னம் உப்பிக் கலகலவென்று இருந்தாள். இவளுக்கு என்ன வரப்போகிறது என்று விட்டுவிட்டார். அதையும் சொல்லியிருந்தால் நோய் நோயாகிவிடும், வேடிக்கையாக இருக்காது. ஆனால் இதை எந்த வாயால் சொல்வது?

"காணிப்பாக்கத்துக்கு வா," என்றார் கடைசியில். "பிள்ளையார் முன்னால நின்னு சத்தியம் பண்றேன். டாக்டரம்மா சொன்னது நெஜம்."

தேன்மொழி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "இந்தத் தபா எந்தப் பேர உட்டுட்டுப் பண்ணுவ, நைனா?"

அவள் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்று ஏகாம்பரம் பிறகு ஹரிபாபுவிடம் சொன்னாராம். சத்தியம் செய்தால் நம்பும் ஊரில், சத்தியம் செல்லாத மனிதராகிவிட்டார். கமலம்மா அன்றைக்கே கடையிலிருந்து கோதுமை வாங்கி வந்து மறுபடி ஊறப் போட்டார்.

ஆடி மாதம் தேன்மொழி கடையில் கவுண்டர் மேலேயே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பி, பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து, அரை நாள் லீவு கொடுத்து அனுப்பினார்கள். செய்தி கேட்ட அன்று சாயங்காலம் ஹரிபாபு வழக்கம்போல ஜன்னல் மேல் தம்ளரை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால் தம்ளர் அப்படியே இருந்தது.

"ஏமி ஏகாம்பரம், ஒண்ட்லோ பாகலேதா?" என்று கேட்டார். உடம்பு சரியில்லையா என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் அவர் தம்ளரைத் தொடாமல் போனது உடம்பு முடியாதபோது மட்டும்தான்.

"நல்லா கீறேன் சார். இனிமே வேணாம்."

சாமிக்குப் போகவில்லை, முழுக்குப் போடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. சும்மா நிறுத்திவிட்டார். முதல் சில வாரம் கை நடுங்கியது. அரிவாளைப் பிடிக்க முடியாமல் மற்றவர்களை வெட்டச் சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். தூக்கம் வரவில்லை. கமலம்மா நம்பவில்லை. ஒளித்துக் குடிக்கிறார் என்று அவர் சட்டையை, லுங்கியை, டிபன் கேரியரைக்கூட மோந்து பார்த்தார். டீக்கடையில் வேடிக்கை இன்னும் கூடியது. மருந்தை நிறுத்திவிட்டால் நோய் முற்றிவிடாதா மாமா என்றார்கள். அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவார். சிரித்தவர்களில் நாமும் உண்டு அல்லவா?

கார்த்திகை பிறந்ததும், மகளின் வார லீவு நாளாகப் பார்த்து, சித்தூரில் காலை பஸ் ஏறினார். பூதலப்பட்டு, சந்திரகிரி என்று பஸ் நின்று நின்று போயிற்று. மலை தெரிந்ததும் பக்கத்து சீட்டுக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஏகாம்பரமும் போட்டுக்கொண்டார். எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொள்ள வாய் கூசியது.

ஹாஸ்டலுக்குள் ஆண்கள் போகக் கூடாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் இருக்கும் ஓட்டலுக்கு வரச் சொல்லியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி, கூட்டம் வடிந்திருந்தது. தேன்மொழி வந்தாள். துப்பட்டாவுக்கு மேலே கழுத்தெலும்பு தனியாகத் தெரிந்தது. எதிரே உட்கார்ந்தவள், கேட்கவே வேண்டியதில்லை என்பது போல, மேஜைக்கு மேல் குனிந்து அவர் வாயருகே மூக்கைக் கொண்டுவந்தாள். அவர் நிதானமாக ஊதினார்.

"ஒண்ணும் இல்ல," என்றாள் கொஞ்சம் ஆச்சரியமாக.

"ஆடியிலேர்ந்து இல்ல."

"அம்மா நம்பல."

"நீயி?"

அவள் வாட்டர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். தனக்கு மோர் போதும், வேறு எதுவும் வாயில் வைக்க முடியவில்லை என்றாள். ஏகாம்பரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேஜை துடைக்க வந்த ஆளைக் கூப்பிட்டார்.

"தம்பி, கக்கூஸ் எந்தப் பக்கம்?"

அவன் கையைக் காட்டினான். ஏகாம்பரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் பக்கம் இருந்த மேஜைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தார். பிறகு சர்வரைப் பார்த்து, "ரெண்டு பரோட்டா," என்றார்.

தேன்மொழிக்கு முகத்தில் ஒரு இளக்காரம் வந்தது. "இன்னா நைனா, நோவு ஓடிப் போச்சா?"

"ஓடல."

"அப்பறம் எதுக்குத் துன்னப் போற?"

"நான் குடிச்சுக் கொடல் வெந்ததாலதான் எனக்குக் கோதும ஆவலன்னு உங்கம்மா சொல்றா. நீயும் அதான் நெனச்சுக்கினு கீற. இப்ப குடி இல்ல. ஒடம்பு நல்லா கீது. நீயே மோந்து பாத்த." அவர் மூச்சு விட்டுக்கொண்டார். "சத்தியம்லாம் வேணாம்மா. என் பேச்சும் வேணாம். கொஞ்ச நேரம் எங்கூட உக்காந்துரு, இன்னா ஆவுதுன்னு உன் கண்ணால பாரு. அப்பால ஆஸ்பத்திரிக்கு வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

"பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு? வேணாம், உடு. நான் ரூமுக்குப் போவணும், துணி தொவைக்கணும்."

"பொழுது சாயறதுக்குள்ள போயிரலாம். அந்தே, அவ்ளோதான்."

தட்டு வந்தது. சூடான பரோட்டா, மேலே சால்னா. ஆறு வருடமாக மைதா பக்கம் போகாத கை ஒரு நொடி தயங்கியது. பிறகு பிய்த்தது. மென்று விழுங்கினார். ருசியாகத்தான் இருந்தது, பாவம். ருசியாக இருப்பதை அவரால் மறைக்க முடியவில்லை. ஒரு துண்டையும் விடாமல், அவசரப்படாமல், மகள் பார்க்க இரண்டையும் தின்று முடித்தார். தட்டில் ஒட்டியிருந்த பொருக்கையும் விரலால் துடைத்து வாயில் போட்டுக்கொண்டார். தேன்மொழி வாட்டர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். எழுந்து போகவில்லை.

ஏகாம்பரம் கை கழுவிக்கொண்டு வந்தார். இடுப்பு பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்திவிட்டுக்கொண்டு, வெளிச்சம் தன் மேல் படும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மகளுக்கு நேராக உட்கார்ந்தார்.